பட்டினிப் பாத்தி

முப்பத்திரண்டு அங்குலம். முத்துராணி டேப்பை மறுபடியும் தண்டின் அடியில் வைத்து, நுனி மொட்டுவரை இழுத்துப் பிடித்தாள். முப்பத்திரண்டேதான். நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனாள். வெள்ளைத் துணி கட்டிய சம்பங்கி. அதுவும் முப்பத்திரண்டு.

ஆறு பாத்தி, பாத்திக்கு அளக்கவென்று துணி கட்டிய பத்துச் செடி, ஆக மொத்தம் அறுபது. சிவப்புத் துணி கட்டிய முப்பது செடியும் நாலு மாதமாகக் கடற்பாசிச் சாறு குடித்தவை. வெள்ளைத் துணி கட்டிய முப்பதும் வெறும் வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவை. அறுபதையும் அளந்து முடித்தபோது சித்திரை வெயில் உச்சந்தலையில் நின்றது. வரப்பில் உட்கார்ந்து கூட்டினாள். சாறு குடித்த பக்கம் சராசரி முப்பத்திரண்டு. குடிக்காத பக்கம் அதில் கால் அங்குலம் குறைவு. தண்டுக்கு மொட்டு இந்தப் பக்கம் நாற்பத்தைந்து, அந்தப் பக்கம் நாற்பத்து நாலு. கூட்டலில் தப்பு இருந்தால் அது தன் தப்பாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவள் அவள். மூன்று தடவை கூட்டினாள். மூன்று தடவையும் அதே எண்கள்தான் வந்தன.

குடித்ததும் குடிக்காததும் அக்காள் தங்கை போலத் தோளோடு தோள் நின்றன. அவ்வளவுதான், நிலம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது.

ஏரலுக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டிய பதினைந்து சென்ட் அது. நிலம் தாஜ் முகம்மதுவுடையது. முத்துராணி அதைக் குத்தகைக்கு எடுத்தபோது அவர் ரியாத்தில் இருந்தார். அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து, பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து, இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று ஊருக்கு வந்திருந்தாள். சம்பங்கிக் கிழங்கு நட்டாள். ஒரு வருடம் நன்றாகத்தான் பூத்தது. பிறகு அந்த மார்கழியில் வெள்ளம் வந்தது. ஆறு எது, வாய்க்கால் எது, தெரு எது என்று தெரியாமல் போன வெள்ளம். வடிந்தபோது பாத்திகளின் மேல் முழங்கால் உயரத்துக்கு மணல் கிடந்தது. கூலிக்குப் பூப்பறிக்க வந்துகொண்டிருந்த இசக்கியம்மாவும் அவளுமாக அந்த மணலைத் தோண்டித் தோண்டிக் கிழங்கை எடுத்தார்கள். அழுகியதை எறிந்து, மிஞ்சியதை நிழலில் ஆற்றி, மாசியில் திரும்ப நட்டார்கள்.

நட்டது முளைத்தது. பூக்கவும் செய்தது. ஆனால் தண்டெல்லாம் ஈர்க்குச்சி. பூ காலையில் கூடைக்குப் போனால் மத்தியானத்துக்குள் ஓரம் பழுத்துவிடும். மணல் பாய்ந்த மண்ணில் போட்ட உரமெல்லாம் தண்ணீரோடு தண்ணீராக இறங்கிப்போனது. அந்த நேரம் பார்த்துத்தான் தாஜ் முகம்மது வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தார். தை மாதம், இதே வரப்பில் நின்று பேசினார்.

"தேவசிகாமணி வாழ போடக் கேக்கான்மா. எனக்கும் சும்மா கெடக்க மனசில்ல. நீயும் பாவம், இந்தக் குச்சிய வச்சுக்கிட்டு எம்புட்டு நாள் மல்லுக்கட்டுவ?"

"நாலு மாசம் குடுங்க பாய். பாசிச் சாறு ஊத்திப் பாக்கேன். கிளாசுல சொல்லிக் குடுத்தாக."

"பாசியா? நோம்புக்கு சீனி போட்டுக் காச்சுவோமே, அதா? அத எங்களுக்கே பத்தாதேம்மா, செடிக்கும் ஊட்டப் போறியா?"

"அது வேற பாசி பாய். இது கொலசேகரம்பட்டணத்துக் கரையில சும்மா ஒதுங்கிக் கெடக்குறது."

அவர் சிரித்தார். ஆனால் ஆள் நியாயக்காரர். மூன்று பாத்திக்கு ஊற்று, மூன்றுக்கு ஊற்றாதே, சித்திரைக் கடைசி ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்றார். வித்தியாசம் தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் இன்னும் மூன்று வருடம் நிலம் அவளுக்கு. தெரியாவிட்டால் வாழை.

கிளாஸ் என்பது ஏரலில் ஒரு மாடியறையில் திங்களும் வெள்ளியும் சாயங்காலம் நடப்பது. இயற்கை இடுபொருள் வகுப்பு. நடத்துகிறவர் விஜயஸ்ரீ மேடம். பாசிச் சாறு உரம் அல்ல என்று முதல் நாளே அவர் சொன்னார். செடிக்கு அது சாப்பாடு இல்லை, பசியைத் தூண்டிவிடுவது. வேர் கூடுதலாக ஓடும், இருப்பதைத் தேடித் தின்னும், வெயிலைத் தாங்கும், பூ வாடாமல் நிற்கும். முத்துராணி வரி விடாமல் எழுதிக்கொண்டாள். கரையில் அள்ளிய பாசியை மூன்று தண்ணீரில் உப்புப் போக அலசி, நறுக்கிக் கொதிக்கவைத்து, வடிகட்டி, டிரம்மில் மூடி வைத்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும், குடத்துக்கு இவ்வளவு என்று அளந்து கலந்து ஊற்றினாள். தேதி, நேரம், அளவு, மேகமா வெயிலா, எல்லாம் நோட்டில் இருந்தது.

பிறகு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். டிரம்மையும் குடங்களையும் கழுவிக் கவிழ்க்கும் வேலை இசக்கியம்மாவுடையது.

"போ, போ. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. வாத்தியாரம்மா முட்டி போட வச்சுரப் போறா" என்று இசக்கியம்மா வழியனுப்புவாள். இசக்கியம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது. ஊற்றாத மூன்று பாத்திக்கும் அவள் வைத்த பெயர் பட்டினிப் பாத்தி. "பட்டினிப் பாத்தியில களை எடுக்கட்டா?" என்று கேட்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரித்ததில்லை. முத்துராணி அதைக் கவனிக்கவும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கணக்கு முடிந்தது. சாயங்காலம்வரை நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். சாறு வேலை செய்யவில்லை. அல்லது தான் செய்த சாறு வேலை செய்யவில்லை. உப்பு சரியாகப் போகவில்லையோ, கொதி அதிகமோ, மேடம் சொன்னதைத் தப்பாக எழுதிக்கொண்டோமோ. ஒன்று மட்டும் நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை தாஜ் முகம்மது வந்து நின்று, ஒன்றுபோல் நிற்கும் வரிசைகளைப் பார்த்து, இவள் முகத்தைப் பார்ப்பார். அந்த மூன்று நாளை அவளால் சுமக்க முடியாது. அவராகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தாள். பரவாயில்லைம்மா, இன்னும் ரெண்டு மாசம் பார் என்று அவர் சொல்லமாட்டாரா என்ற ஆசையும் அடியில் கிடந்தது.

போன் போட்டாள். "பாய், அளந்து பாத்துட்டேன். ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. வித்தியாசம் இல்ல."

அவர், "நீ சொன்னா சரிதாம்மா. ஒன் கணக்கு தப்பாது" என்றார்.

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளி. இனி ஊற்ற வேண்டிய முறை எதுவும் இல்லை. டிரம்மில் கால்வாசிச் சாறு கிடந்தது. "அதக் கொட்டிக் கழுவிருங்கக்கா" என்று மட்டும் இசக்கியம்மாவிடம் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மேடம் எல்லோர் கணக்கையும் இன்று போர்டில் எழுதச் சொல்லியிருந்தார். முப்பத்திரண்டு, முப்பத்தொண்ணே முக்கால் என்று எழுதிவிட்டு எப்படித் திரும்பி நிற்பது? பஸ் வந்தது. கதவருகே நின்ற கண்டக்டர், "ஏறுதீயளா, இல்லையா?" என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பஸ் போயிற்று. வேறு எங்கே போவது என்று தெரியாமல் வயலுக்கே திரும்பி நடந்தாள்.

இசக்கியம்மா இரண்டாம் பாத்திக்குள் நின்றாள். இடுப்பில் குடம், கையில் செம்பு. ஒவ்வொரு தூருக்கும் குனிந்து, ஒரு செம்பு ஊற்றி, பைய நகர்ந்துகொண்டிருந்தாள். காற்றில் பாசி வாடை வந்தது.

இரண்டாம் பாத்தி. வெள்ளைத் துணி.

"எக்கா, என்ன செய்யுதீங்க?"

இசக்கியம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். குடத்தை மறைக்க நினைத்தவள் போல ஒரு பக்கம் சாய்ந்தாள். பிறகு மறைக்க முடியாது என்று கண்டு, நிமிர்ந்து நின்றாள்.

"கொட்டச் சொன்னல்லா? அதான் கொட்டுதேன். மண்ணுல கொட்டுறதுக்கு இதுக வாயில கொட்டுனா என்ன?"

"இன்னிக்கு மட்டுமா?"

இசக்கியம்மா செம்பைக் குடத்துக்குள் போட்டாள்.

"எக்கா. இன்னிக்கு மட்டுமா?"

"ஒவ்வொரு வாட்டியும்தான்" என்றாள் இசக்கியம்மா. "நீ பஸ்ஸுக்குப் போவ. அடியில வண்டல் கெடக்கும். வாய்க்காத் தண்ணிய ஊத்திக் கலக்கி, இதுகளுக்கும் ஆளுக்கொரு செம்பு குடுப்பேன். இப்ப என்ன, குடி முழுகிப் போச்சா?"

முத்துராணி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊத்தக் கூடாதுன்னு சொன்னேன்லா?"

"சொன்ன. சாறு காணாது, அதான் பாதிக்கு மட்டும் ஊத்துதன்னு நெனச்சேன். மிச்சத்தக் குடுத்தா யாருக்கு நட்டம்? எல்லாப் பாத்தியும் நல்லா இருந்தா பாய்க்கும் சந்தோசம்தான? ஏளா, ஒரு பந்தியில உக்கார வச்சு, ஒருத்தி எலையில சோத்தையும், பக்கத்து எலையில பச்சத் தண்ணியவும் வச்சா, பாத்துட்டு நிக்க முடியுமா? என்னால முடியல."

"செடிக்கா அது. செடி."

"செடின்னா வயிறு இல்லையோ?" இசக்கியம்மா குடத்தைக் கீழே வைத்தாள். அவள் குரல் மாறிவிட்டது. "வெள்ளத்தப்ப நீங்க ரோட்டோரத் தெரு. மூணு நாளும் பொட்டலம் வந்துச்சு ஒங்களுக்கு. எங்க தெருவத் தாண்டித்தான் அந்த வேன் வரும். நாங்க பாத்துட்டு நிப்போம். திரும்பிப் போவும்போதும் பாத்துட்டு நிப்போம். உள்ள ஒண்ணும் இருக்காது. ஏன் எங்களுக்கு இல்லன்னு கேட்டா, லிஸ்டுல இந்தத் தெரு இல்லன்னான். நீயும் ஒரு லிஸ்ட வச்சுக்கிட்டு செவப்பு, வெள்ளன்னு துணி கட்டுத. எனக்கு எப்படி இருந்துருக்கும்?"

முத்துராணிக்கு வாயில் வந்ததெல்லாம் வசவு. ஆனால் ஏன் பாதியைப் பட்டினி போட வேண்டும் என்று இந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் இசக்கியம்மாவிடம் விளக்கியதில்லை. ஊற்றாதே என்று சொன்னதோடு சரி. நோட்டில் மேகம் மழையைக்கூட எழுதியவள், கூட நின்று வேலை செய்கிறவளுக்குக் காரணம் சொல்லவில்லை. இப்போது சொன்னாள். ஊற்றியது நன்றாகவும் ஊற்றாதது மோசமாகவும் இருந்தால்தான் நிலம் நமக்கு என்று சொன்னாள். இசக்கியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிக்கும் முன்பே தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அட பாவி. இத மொதல்லயே சொல்லக் கூடாதா? வாய்க்கு வாய் பேசுதேன், என்கிட்ட இத மட்டும் ஏன் சொல்லல?" பிறகு அழுகையும் கோபமுமாக, "அப்படிப் பாத்தாலும் நான் எங்க முழுசா குடுத்தேன்? வண்டல் ஒவ்வொரு பாத்தியிலயும் பாதியோட தீந்துரும். வாய்க்காப் பக்கத்துப் பாதி இன்னிவரைக்கும் பட்டினிதான். அது வேற எனக்கு மனசு கேக்கல" என்றாள்.

முத்துராணி எழுந்து நின்றாள்.

"வாய்க்கா பக்கம் ஊத்தலையா? ஒரு தடவகூட?"

"எட்டலைன்னு சொல்லுதேன்லா."

துணி கட்டிய அறுபது செடியும் வரப்புப் பக்கத்துச் செடிகள். பாத்தி நெடுகப் பரவலாகக் கட்டு என்று மேடம் சொன்னதுதான். வாய்க்கால் பக்கம் சகதி, அட்டை, கொசு என்று அவள்தான் கைக்கு வசதியாக இந்தப் பக்கமே பத்து பத்தாகக் கட்டினாள். நாலு மாதமாக அந்த முனைக்குக் களை எடுக்கவும் பூப்பறிக்கவும் போனதெல்லாம் இசக்கியம்மாதான்.

செருப்பை உதறிவிட்டுச் சகதிக்குள் இறங்கினாள். முதலில் முதல் பாத்தி, சாறு குடித்தது. முப்பத்தொன்று. முப்பது. முப்பத்திரண்டு. பிறகு இரண்டாம் பாத்தி. இருபத்தைந்து. இருபத்து நாலு. வாய்க்கால் கரைத் தென்னையின் நிழல் விழுவதால் இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் நிழல் ஆறு பாத்தியின் முனையிலும்தான் விழுந்தது. சகதியும் ஆறுக்கும் ஒன்றுதான். மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று வெளிச்சம் மங்கும்வரை அளந்தாள். இசக்கியம்மா டேப்பின் மறுமுனையைப் பிடித்து எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். குடித்த மூன்றும் முப்பத்தொன்று. குடிக்காத மூன்றும் இருபத்தைந்து. மொட்டு நாற்பத்து மூன்றுக்கு முப்பத்து நாலு. பக்கத்துக்கு ஒரு தூரைப் பறித்துப் பார்த்தார்கள். குடித்ததன் கிழங்கு பெரிய வெங்காயம் போலத் திரண்டு, பக்கத்தில் ஏழெட்டுக் குட்டிக் கிழங்கு. குடிக்காதது பூண்டளவு. குட்டி மூன்றுதான்.

"வேலை செஞ்சிருக்குக்கா" என்றாள் முத்துராணி. "சாறு வேலை செஞ்சிருக்கு."

அப்போதே தாஜ் முகம்மதுவுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. பள்ளிவாசலில் இருப்பார் என்று நினைத்தாள். காலையில் வாருங்கள் பாய், கட்டாயம் வாருங்கள் என்று செய்தி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை அவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சகதிக்குள்ளேயே இறங்கினார். முத்துராணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இசக்கியம்மா செய்தது, தான் துணி கட்டியதில் செய்த தப்பு, எல்லாம். அவர் டேப்பை வாங்கித் தானே நாலைந்து தண்டை அளந்தார். கிழங்கைக் கையில் வைத்து உருட்டினார். இசக்கியம்மாவைப் பார்த்து, "பாசிய விட ஒன் கைதான்மா பெரிய மருந்து. வண்டலுக்கே இப்படி வளந்துருக்கு" என்றார். இசக்கியம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பிறகு அவர் வரப்பில் ஏறிக் காலைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

"கண்ணுக்குத் தெரியுதும்மா. நல்லாவே தெரியுது. நான் சொன்ன சொல்லுப்படி நெலம் ஒனக்குத்தான்."

முத்துராணி இசக்கியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆனா நேத்து ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு தேவசிகாமணிக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீ வித்தியாசம் இல்லன்னு சொன்னல்லா? அத வச்சுத்தான் குடுத்தேன்."

"ஞாயித்துக்கெழம வாரேன்னு சொன்னீங்களே பாய்."

"சொன்னேன். நீயே கூப்பிட்டு முடிஞ்சு போச்சுன்னு சொன்னதுக்கப்புறம் நான் எதுக்கும்மா ஞாயித்துக்கெழமைக்குக் காத்துக் கெடக்கணும்?"

அதில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அவர் அவள் முன்னாலேயே போனை எடுத்து, தேவசிகாமணியைக் கூப்பிட்டார். பேச்சு அவளுக்கும் கேட்கும்படி வைத்தார்.

"வே, அந்த வாய்க்காங்கரை நெலத்தக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

"என்ன பாய், வெளையாடுதீயளா?" என்றது அந்தப் பக்கம். "கன்னு லாரியில ஏறிட்டு. உழவுக்கு டிராக்டர் சொல்லியாச்சு. ஊர் பூரா பாய் நெலத்துல இந்தத் தடவ நம்ம வாழதான்னு சொல்லிட்டு வந்துருக்கேன். அந்தக் கன்ன எல்லாம் என் தலையிலயா நட?"

"பாவம்வே அந்தப் புள்ள."

"பாவம்தான். நான் என்ன செய்ய? கெழங்க வேணும்னா எடுத்துக்கிடட்டும். புதன்கெழம காலைல வண்டி வரும்."

அவர் போனை மடியில் செருகினார். "வாக்கு அமானிதம்மா, நம்பி ஒப்படைச்ச பொருளு மாதிரி" என்றார். "ஒருத்தன்கிட்ட குடுத்தத எடுத்து ஒன்கிட்டத் தர முடியாது. நெலம் வேற எங்கயும் கெடச்சா சொல்லுதேன்." வரப்போடு நடந்து போய்விட்டார்.

அன்று பதினோரு மணிக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். நாலு நாள் தோண்டினார்கள். விடியலில் ஆரம்பித்து, தூர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரை. இலையையும் பூத்தண்டையும் அரிந்துவிட்டு, மண்ணை உதறி, கிழங்கைத் தூரிலிருந்து பிரித்துச் சாக்கில் போட்டார்கள். பூத்துக்கொண்டிருந்த தண்டையெல்லாம் அரிந்து எறியும்போது இசக்கியம்மா ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிழலில் ஆற்றிய கிழங்கு நாற்பது நாள் தாங்கும். அதற்குள் ஒரு துண்டு நிலம் கிடைக்காவிட்டால் சுருங்கிச் சாகும். முத்துராணி அறிந்த பக்கமெல்லாம் வாழைதான். வாழை போடுகிற ஊரில் மணல் பாய்ந்த நிலத்துச் சம்பங்கிக்காரிக்கு யார் நிலம் தருவார்கள்? திங்கள் மத்தியானம் பழைய சூப்பர்வைசர் திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். மெஷின் ஒன்று காலியாக இருக்கிறதாம். முத்துராணி பதில் சொல்லாமல் போனைச் சாக்கின் மேல் வைத்தாள். மண் ஒட்டிய கையில் மறுபடி மண்வெட்டியை எடுத்தாள்.

புதன்கிழமை ஏழு மணிக்கு டிராக்டர் வந்தபோது வரப்புப் பக்கம் முழுவதும் முடிந்திருந்தது. வாய்க்கால் பக்கத்தில் இரண்டு துண்டு மட்டும் பாக்கி. ஐந்தாம் பாத்தியின் பாதி, சாறு குடித்தது. ஆறாம் பாத்தியின் பாதி, குடிக்காதது. மற்றப் பட்டினிப் பாத்திகளில் எடுத்ததெல்லாம் தோண்டிய அவசரத்தில் வரப்புப் பக்கத்துக் கிழங்கோடு ஒரே சாக்கில் கலந்து போயிருந்தது. நல்ல தூரின் குட்டிக் கிழங்கும் பூண்டளவுதான் என்பதால், இனி எது குடித்தது, எது குடிக்காதது என்று பிரிக்க முடியாது.

டிராக்டர்காரர் இறங்கி வந்து பார்த்தார். "கொஞ்ச நேரம் பொறுங்க அண்ணாச்சி" என்று இசக்கியம்மா கெஞ்சினாள். "அந்தக் கோடியில இருந்து ஆரம்பிக்கேன் தாயி. அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது. அடுத்த வயலுக்கு எட்டரைக்குப் போவணும்" என்றார் அவர். வண்டி முதல் பாத்தியில் இறங்கியது. கலப்பை மண்ணைப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்தது.

இசக்கியம்மா ஐந்தாம் பாத்திக்கு ஓடினாள். குத்தி நெம்பினாள். கை நிறையக் கிழங்கு வந்தது.

"ஏளா, இங்கன வா! இத எடுத்துருவோம்."

முத்துராணி ஆறாம் பாத்தியில் குனிந்திருந்தாள்.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இங்கன தங்கமா கெடக்கு. அந்த நோஞ்சானத் தோண்டி என்ன செய்யப் போற?"

"நல்லது நம்மகிட்ட சாக்கு சாக்காக் கெடக்குக்கா." முத்துராணி நிமிராமல் பேசினாள். ஒவ்வொரு கிழங்காக விரலால் கிளறி எடுத்தாள். "அத மட்டும் கொண்டுபோய் ஒருத்தர்கிட்டக் காட்டுனா, கெழங்கு நல்லாருக்கு, ஒன் மண்ணு நல்ல மண்ணு போலன்னு சொல்லுவாக. சாறால வந்துச்சுன்னு எதக் காட்டிச் சொல்ல? குடிக்காத கெழங்கு ஒலகத்துலயே இங்கன மட்டுந்தான் மிச்சம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் எவராவது ஒரு துண்டு நெலம் தருவாக."

வண்டி முதல் பாத்தியின் முனைவரை வந்து, வாய்க்கால் கரையில் திரும்பி, இரண்டாம் பாத்தியில் இறங்கியது.

இசக்கியம்மா ஐந்தாம் பாத்தியைப் பார்த்தாள். தோண்டிப் போட்ட பெரிய கிழங்குகள் நாலைந்து அங்கே வெள்ளையாகக் கிடந்தன. அதை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, மீதியை அப்படியே விட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே ஆறாம் பாத்திக்குள் இறங்கினாள்.

"நாலு மாசமா இதுக்கு ஊத்தாத ஊத்தாதன்ன. இப்ப இதத்தான் புள்ளையக் கணக்கா எடுக்கச் சொல்லுத."

"வெட்டுப் படாம எடுங்கக்கா. எண்ணிப் போடுங்க."

இரண்டு பேரும் குனிந்து தோண்டினார்கள். மூன்றாம் பாத்தி போயிற்று. நாலாம் பாத்தியில் வண்டி வரும்போது காலடியில் மண் அதிர்ந்தது. முத்துராணியின் நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. பூண்டளவு கிழங்குகள் ஒன்று, இரண்டு என்று சாக்கில் விழுந்தன. சில வெறும் தோல். அதையும் போட்டாள்.

கலப்பை ஐந்தாம் பாத்திக்குள் இறங்கியது. பெரிய கிழங்குகள் நசுங்குகிற வாசனை வந்தது, பச்சையாக, பூ வாசனையே இல்லாமல். இசக்கியம்மா ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பினாள். முத்துராணி திரும்பவில்லை.

"எத்தனக்கா?"

"அறுவத்தி மூணு."

"நூறாச்சும் வேணும்" என்றாள் முத்துராணி. அடுத்த தூரின் அடியில் விரலைச் செருகினாள்.